வாஷியின் குளத்தில் முளைத்த காடு

வெள்ளத்தைத் தாங்கத் தோண்டிய குளங்களில் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. வெட்டினால் தண்ணீர் வடியும் என்கிறார்கள் குடியிருப்போர். மரங்கள் எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை.

மான்குர்ட் நிலையத்தைத் தாண்டியதும் ரயிலின் சத்தம் மாறுகிறது. அதுவரை ஜன்னலை ஒட்டி ஓடிவந்த தகரக் கூரைகளும் துணி காயும் கம்பிகளும் காணாமல் போகின்றன. பாலம் தொடங்குகிறது. கீழே தாணே கழி, பால் குறைவாக ஊற்றிய தேநீரின் நிறத்தில். இருபுறமும் கண்ணுக்கு எட்டும் வரை, யாரோ கத்தரி வைத்து ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டதுபோல் பச்சை. நின்றே பயணம் செய்து பழகிய ஹார்பர் லைன் பயணிகளில் பாதிப் பேர் வாசல் பக்கம் நகர்கிறார்கள். காற்று வாங்கக் காசு கேட்காத சில இடங்கள் மும்பையில் இன்னும் மிச்சமிருக்கின்றன. இந்தப் பாலம் அவற்றில் ஒன்று. சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடுகிறது. முதல் நிலையம் வாஷி.

இந்த ரயில் பாதை 1992-ல்தான் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1980-களின் நடுவில், என் பெரியம்மா செம்பூரில் இருந்த ஒண்டுக் குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு வாஷிக்குக் குடிவந்துவிட்டார். பெரியப்பாவுக்குத் தாணே-பேலாப்பூர் சாலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கழியைத் தாண்டிப் போவதை அப்போது உறவினர்கள் நாடு கடத்தலைப்போல் பார்த்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தரைத்தளத்தில் சொந்த வீடு, வாசலில் கறிவேப்பிலை வைக்க ஒரு சாண் மண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதுவே பெரிய வரம்.

அந்த வரத்துக்குள் கடைசியாகத் தண்ணீர் வந்தபோது கட்டிலின் கால்கள் மூழ்கின. ஜூலை மாதம் நான் போய்ச் சேர்ந்தபோது இரும்பு பீரோ நான்கு செங்கற்களின் மேல் நின்றிருந்தது. கேஸ் அடுப்பின் சிலிண்டருக்கும் ஒரு மேடை. மழைக்காலம் முடியும்வரை இப்படித்தானாம். மாலையில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் குளத்தைக் காட்டக் கூட்டிப்போனார்.

குளம் என்று அவர் சொன்ன இடத்தில் குளம் தெரியவில்லை. கருங்கல் சரிவுக்குக் கீழே அடர்ந்த காடு. ஆள் உயரத்தைத் தாண்டிய வெண்கண்டல் மரங்கள், அவற்றின் அடியில் சேற்றிலிருந்து பென்சில்களைக் குத்திவைத்ததுபோல் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள். நடுவே ஒரு ஓடை அளவுக்கு மட்டும் தண்ணீர். ஒரு மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள், குழந்தைகளின் சைக்கிள்கள், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள்.

"இதை வெட்டக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லுது. நீயும் மரத்துக்காகத்தான் எழுதுவ. ஏய்யா, என் பீரோவுக்காக எழுத ஒருத்தரும் இல்லையா?" என்றார் பெரியம்மா.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த நகரம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடலுக்குக் கீழே ஒரு நகரம்

மும்பை நெரிசலைக் குறைக்கக் கழியின் கிழக்குக் கரையில் இரட்டை நகரம் ஒன்றை எழுப்புவதற்காக சிட்கோ என்ற அரசு நிறுவனம் 1970-ல் தொடங்கப்பட்டது. அது கையகப்படுத்திய நிலம் காலி நிலம் அல்ல. ஆக்ரிகளும் கோலிகளும் வாழ்ந்த கிராமங்கள், உப்பளங்கள், உவர் நிலத்து நெல் வயல்கள், அவற்றுக்கு அப்பால் அலையாத்திக் காடு. கொங்கண் கரையில் உவர் நிலத்து விவசாயிகள் கழியோரம் மண் வரப்புக் கட்டி, அதில் மதகு வைத்து, கடல் ஏறும்போது மூடியும் வற்றும்போது திறந்தும் நெல் விளைவித்தவர்கள். கடலோடு பேரம் பேசி வாழும் கலை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

புது நகரத்தைத் திட்டமிட்டவர்கள் அதே பேரத்தைப் பெரிய அளவில் பேசினார்கள். வாஷி, நெரூல், பேலாப்பூர் பகுதிகளில் பல இடங்கள், கடல் முழுதாக ஏறி நிற்கும் மட்டத்தைவிடத் தாழ்வானவை. அவ்வளவு நிலத்தையும் மண் கொட்டி உயர்த்துவதற்குச் செலவு கட்டுப்படியாகாது. எனவே டச்சு நாட்டு முறையைக் கையாண்டார்கள். கழியோரம் நீண்ட கரை. கரைக்கு உள்ளே நீர் தேக்கும் குளங்கள். கரையில் ஒருவழிக் கதவுகள்.

இந்தக் குளங்களின் வேலை எளிமையானது. நகரத்தின் மழைநீர் வடிகால்கள் குளத்தில் வந்து விழும். கழியில் நீர் வற்றியிருக்கும்போது, குளத்து நீரின் அழுத்தத்தால் கதவு வெளிப்பக்கம் திறந்து நீர் கழிக்கு ஓடிவிடும். கழியில் நீர் ஏறும்போது, வெளியிலிருந்து வரும் அழுத்தத்தால் அதே கதவு தானாக மூடிக்கொள்ளும். கதவு மூடியிருக்கும் சில மணி நேரம் பெய்யும் மழையைக் குளம் தன் வயிற்றில் வைத்திருக்கும். கடல் இறங்கியதும் வெளியே விடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. நிலவின் போக்கைப் பார்த்து இயங்கும் இயந்திரம் என்று சொல்லலாம்.

ஆனால் எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் போட ஒருவர் வேண்டும். இங்கே இரண்டு வேலைகள் தவறாமல் நடக்க வேண்டும். குளத்தின் அடியில் படியும் வண்டலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கதவுகள் நன்றாக மூடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1992-ல் நவி மும்பைக்குத் தனி மாநகராட்சி வந்தது. குளங்களின் பொறுப்பு கைமாறியது. நகரம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. பார்சிக் குன்றுகளில் கல் உடைத்த தூளும், கட்டடங்களின் இடிபாடும், சாக்கடையின் கசடும் மழையோடு வடிகாலில் இறங்கின. அந்தப் பக்கம் இப்படியென்றால், கடலின் பக்கம் இன்னொரு கதை.

விதை எப்படி உள்ளே வந்தது?

வெண்கண்டல் மரத்தின் விதை தரையில் விழுந்து காத்திருப்பதில்லை. மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கி, நீரில் விழுந்து மிதந்து, நல்ல சேறு கிடைத்த இடத்தில் வேர் ஊன்றிவிடும். அது பயணம் செய்யும் வாகனம் கடல் ஏற்றம். கதவு இறுக மூடுகிற ஒரு குளத்துக்குள் கடல் ஏற்றம் வர வழியில்லை. கடல் வராவிட்டால் விதையும் வராது.

ஆகவே இந்தக் குளத்தில் நிற்கும் ஒவ்வொரு மரமும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கதவு கசிந்தது. வண்டல் சேர்ந்தது. இரண்டும் ஒரு பருவத்தில் நடந்தவை அல்ல. ஆள் உயரத்துக்கு மேல் மரம் வளர எத்தனை மழைக்காலங்கள் கடந்திருக்க வேண்டும் என்று பார்த்தாலே போதும். முதல் செடிகள் தலைநீட்டிய வருடத்தில் மண்வெட்டியோடு நாலு பேர் இறங்கியிருந்தால், வழக்கு, வாதம், நிபுணர் குழு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

மரம் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. மூச்சுவேர்கள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த மண்ணைக் கீழே போடுகிறது. மண் சேர, இன்னும் மரம். மரம் சேர, இன்னும் மண். குளத்தின் ஆழம் குறையக் குறைய, கதவு மூடியிருக்கும் நேரத்தில் அது தாங்கும் மழையின் அளவும் குறைகிறது. மிச்சம் வடிகால் வழியாகத் திரும்பி, சாலைக்கு வந்து, பெரியம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில் நிற்கிறது. குளத்துக்குள் அலையாத்தி வளர்ந்ததால் கொள்ளளவு குறைந்தது என்று பொறியாளர்கள் சொல்வதை மறுக்க முடியாது. மரங்களை நேசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவதால்தான் அவர்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகின்றன.

பத்து வார இடைவெளி

2005 ஜூலை 26-ஐ மும்பையில் யாரும் மறக்கவில்லை. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நேரம் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில், வெளியேற்றுவதற்காக அமைக்கப்பட்ட பழைய வடிகால்கள் அவை. அன்று பிற்பகல் கடலும் ஏறி நின்றது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பெரியப்பா பேலாப்பூர் சாலையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து மறுநாள் காலை வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வெள்ளத்துக்குப் பத்து வாரங்கள் கழித்து, 2005 அக்டோபர் 6 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. பம்பாய் சுற்றுச்சூழல் நடவடிக்கைக் குழு 2004-ல் தொடுத்திருந்த வழக்கு அது. மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை. காட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. 2018 செப்டம்பர் 17 அன்று வந்த இறுதித் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அலையாத்தியை அழிப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறும் செயல் என்றது. பொது நன்மைக்கு வேறு வழியே இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் மட்டும் விலக்கு.

இந்த உத்தரவுகள் இல்லாவிட்டால் ரயில் பாலத்திலிருந்து நான் பார்த்த பச்சையில் எவ்வளவு இன்று இருந்திருக்கும் என்பது சந்தேகம். 2012-ல் மகாராஷ்டிர வனத்துறையில் அலையாத்திக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. மராத்தியில் அதன் பெயர் காந்தள்வன் கக்ஷ். காந்தள் என்ற அந்தச் சொல் தமிழ்க் காதுக்குப் பூவை நினைவூட்டலாம். இங்கே அது நம் கண்டல் மரம்தான். நெய்தல் நிலத்துச் சங்கப் பாடல்களில் கடற்கரை வீடுகளுக்கு வேலியாக நிற்குமே, அதே கண்டல். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி நாட்டில் அலையாத்தி 4,992 சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தில் 324. பிச்சாவரத்தைப் பெருமையாகச் சொல்லும் தமிழ்நாட்டில் 45.

ஆனால் சட்டத்துக்கு, கழியோரம் தானே வளர்ந்த காட்டுக்கும் கசியும் கதவால் குளத்துக்குள் வளர்ந்த காட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குளத்தைத் தூர்வார வேண்டுமானால் கடலோர மண்டல ஆணையம், வனத்துறை, உயர் நீதிமன்றம் என்று மூன்று வாசல்களில் ஏற வேண்டும். கோப்பு நகர்வதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடுகிறது. குடியிருப்போரின் கோபம் மரத்தின் மேல் திரும்புகிறது. மரம் பதில் பேசாது என்பதால் அது வசதியான எதிரி.

வெட்டினால் வடியுமா?

வெட்டிப் பார்த்துவிட்டால்தான் என்ன என்று கேட்பவர்களை ஒரு நாள் கழியைத் தாண்டி மித்தி ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகலாம். விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரோடு புறப்பட்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிமில் கடலைச் சேரும் ஆறு அது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறது. குர்லாவில் பட்டறைகளும் குடிசைகளும் நெருக்கும் இடைவெளியில் ஊர்கிறது. கழிமுகத்தில், ஒருகாலத்தில் அது கைகால் நீட்டிப் படுத்திருந்த சதுப்பின் மேல், பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. எதிர்க்கரையில் தாராவி. பழைய குப்பை மேட்டின் மேல் உருவாக்கப்பட்ட மாஹிம் இயற்கைப் பூங்கா, அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அலையாத்தி. தாராவித் தமிழர்கள் பலருக்கு இந்த ஆற்றின் மூன்று பருவங்களும் தெரியும். நாற்றம், சேறு, வெள்ளம்.

2005-க்குப் பிறகு மித்தியின் மேல் பணம் கொட்டப்பட்டது. தனி ஆணையம் அமைந்தது. அகலப்படுத்தினார்கள். ஆழப்படுத்தினார்கள். இருபுறமும் சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு மழைக்கு முன்பும் தூர்வாரினார்கள். 2025 மே மாதம் அந்தத் தூர்வாரும் ஒப்பந்தங்களிலேயே சுமார் 65 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக மும்பை போலீஸ் 13 பேர்மீது வழக்குப் பதிவு செய்தது. அந்த வழக்கு எப்படி முடியும் என்பது நீதிமன்றத்தின் கையில். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று மித்தி அபாய மட்டத்தை நெருங்க, குர்லாவின் கிராந்தி நகரிலிருந்து நூற்றுக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது.

மித்தியைக் குறுக்கியவை மண் கொட்டிய கரைகளும் கட்டடங்களும் பாலங்களும். அங்கே அலையாத்தி கடைசியாக வந்த குடியிருப்பாளர். வண்டல் மேட்டில் அது ஒதுங்குகிறது. அதை அகற்றினால் நீர் சில நாள் விரைந்து ஓடலாம். மேலிருந்து மண் வருவது நிற்காதவரை, மேடு திரும்ப வரும். மேடு வந்தால் மரமும் வரும். ஆண்டுதோறும் தூர்வாருவதற்கு ஒப்பந்தம் விடுபவர்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல.

அலையாத்தி எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்று சொல்வதும் தவறு. குன்றிலிருந்து இறங்கும் மழையை அது தடுக்காது. அடைத்துப்போன வடிகாலை அது திறக்காது. அது செய்வது வேறு வேலை. கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தைக் கொல்கிறது. கரையின் மண்ணை வேரால் பிடித்துவைக்கிறது. ஏறும் கடல்நீருக்கும் இறங்கும் மழைநீருக்கும் பரவி நிற்க ஒரு மைதானம் தருகிறது. கட்டடம் வந்த இடத்தில் நீர் ஏறினால் அது வெள்ளம். அலையாத்தி இருக்கும் இடத்தில் நீர் ஏறினால் அது அன்றாடம்.

இதில் வாஷிக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது. நகரத்தைக் காப்பது குளம் என்றால், குளத்தைக் காப்பது கரை. அந்தக் கரையை வெளிப்பக்கம் நின்று காப்பது கழியோரக் காடு. கதவுக்கு வெளியே உள்ள வாய்க்காலைச் சுத்தம் செய்கிறோம் என்று தொடங்கி, அது அகலமாகி, காட்டில் ஒரு வழி உண்டாகிவிட்டால், மழைக்கால அலை நேராகக் கரையில் வந்து மோதும். கரை உடைந்தால் எவ்வளவு ஆழமான குளமும் பயன்படாது. உள்ளே வெட்ட அனுமதி கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. 'பொது நன்மை' என்ற சொல் நீளக்கூடிய சொல். மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்காக சுமார் 22,000 அலையாத்தி மரங்களை வெட்ட உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அனுமதித்தது. முதலில் கேட்டது 50,000-க்கும் மேல். எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது என்பதை மறக்கக்கூடாது. ரயில், சாலை, மேம்பாலம் என்று வரிசையில் நிற்கும் திட்டங்களில், வெள்ளத் தடுப்புதான் யாரும் எதிர்த்துப் பேசக் கூசும் காரணம். அதனாலேயே அதற்குக் கொடுக்கும் அனுமதியில் அதிகக் கவனம் வேண்டும்.

மதகைப் பாருங்கள்

அடுத்த நாள் காலை சாகர் விஹார் பக்கம் நடந்தேன். செக்டர் 8-ன் ஓரத்தில் கழியைப் பார்த்த பூங்கா அது. கடல் வற்றியிருந்த நேரம். சேற்றில் நிவ்டிகள் துடுப்பை ஊன்றித் துள்ளிக்கொண்டிருந்தன. நீரிலும் சேற்றிலும் வாழும் இந்தக் குட்டி மீனைக் கோலிகள் குழம்பு வைப்பார்கள். சிம்போரி என்ற சேற்று நண்டுக்கு வாஷி சந்தையில் நல்ல விலை. இரண்டுக்கும் பிள்ளைப் பருவம் கழிவது அலையாத்தி வேர்களுக்கிடையில். நகரத்துக்காக நெல் வயலை இழந்த கிராமங்களுக்குக் கழி ஒன்றுதான் மிச்சம். குளிர்காலத்தில் இதே கழிக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் வருகின்றன. மறுகரையின் சதுப்பு 2015-ல் பூநாரைச் சரணாலயமாகி, 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நவி மும்பையும் தன்னைப் பூநாரை நகரம் என்று சொல்லிக்கொள்கிறது. ரவுண்டானாக்களில் இளஞ்சிவப்புச் சிலைகள் நிற்கின்றன. சிலைக்குச் சேறு வேண்டாம். பறவைக்கு வேண்டும்.

அப்படியானால் குளத்தை என்ன செய்வது? பெரியம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் கதவு. கசியும் கதவை மாற்றாமல் மரத்தை வெட்டினால், அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில் புதிய விதை உள்ளே வந்துவிடும். வெட்டிய கூலிதான் மிச்சம். இரண்டாவது, குளத்தின் நடுவே தண்ணீர் ஓடும் பாதை. அங்கே வண்டலை வாரி ஆழப்படுத்தலாம். அதற்கு இடைஞ்சலாக நிற்கும் மரங்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். ஓரங்களில் நிற்கும் மரங்கள் சரிவைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். மூன்றாவது, கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மழை கொட்டினால் நீரைத் தூக்கி வெளியே விட பம்புகள். நாலாவது, வடிகாலில் விழும் இடிபாட்டையும் கல்தூளையும் குளத்துக்கு வரும் முன்பே பிடிக்க ஒரு தொட்டி. ஐந்தாவது, கரைக்கு வெளியே உள்ள காட்டில் கை வைப்பதில்லை என்ற கோடு. அந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டு, அனுமதி உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.

இவற்றில் முதல் வேலைக்கும் நாலாவது வேலைக்கும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அவை எப்போதோ நடந்திருக்கலாம். வேறொருவர் அனுமதிக்காகக் காத்திருப்பதாகச் சொல்வது, நம் கையில் உள்ள வேலையைச் செய்யாமல் இருக்க நல்ல சாக்கு.

பெரியம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "கதவை மொதல்ல மாத்தட்டும். அப்புறமும் தண்ணி வந்தா நானே கோர்ட்டுக்கு வாரேன்" என்றார். அவர் மரத்தின் பகையாளி இல்லை. கழிக்கு இந்தப் பக்கம் நாற்பது வருடங்கள் இருந்தவர். ஜன்னலைத் திறந்தால் வரும் குளிர்ந்த காற்று எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது.

கிளம்பும் நாளில் மழை பிடித்துக்கொண்டது. சமையலறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மராத்தி நாளிதழில் வரும் கடல் ஏற்ற நேரங்களை அவர் அதில் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சிவப்பு மையில் ஒரு கோடு. திருநெல்வேலியில் இருந்தபோது அமாவாசை என்றால் விரதம். இங்கே அமாவாசை என்றால், மழை பெய்கிறதா என்று வாசலைப் பார்ப்பது.

அன்றைய ஏற்றம் மதியம் ஒன்றரை மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு நான் ரயில் ஏறும்போதே பாலத்துக்குக் கீழே சேறு மறைந்துவிட்டது. தண்ணீர் அலையாத்திகளின் இடுப்புவரை வந்திருந்தது. மரங்கள் அசையாமல் நின்றன. கதவு இந்த முறை சரியாக மூடியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் போன் செய்தபோது தண்ணீர் வாசல்படிவரை வந்து திரும்பிவிட்டதாகச் சொன்னார் பெரியம்மா. பீரோவை இன்னும் செங்கல்லிலிருந்து இறக்கவில்லை.